ஸ்கேனில் சிக்காத வயிற்றுவலி

தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும். தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தார், பல இடங்களில் சிகிச்சை பெற்றும் குணமாகவில்லை என்று தொடங்கும் அந்தச் செய்தி ஒரு தற்கொலையில் முடியும். இறந்தவர் பல நேரம் பதின்வயதுப் பெண்ணாக இருப்பார். காவல் நிலையத்தில் வீட்டார் சொன்னதுதான் செய்தியாகிறது. படிப்பவர்களில் பலர் அதை நம்புவதில்லை. காதலாக இருக்கும், கல்யாணப் பேச்சாக இருக்கும், பரீட்சையாக இருக்கும், வெளியே சொல்லக் கூசும் வேறு ஏதோவாக இருக்கும் என்று தமக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். அந்த ஊகம் சில நேரம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் வயிற்றுவலி வெறும் சாக்கு என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு என்பதே என் கருத்து. மாதக்கணக்கில் அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்ததும், வீட்டார் அவளை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கூட்டிக்கொண்டு அலைந்ததும் பெரும்பாலும் நடந்தவைதான்.

இதற்கு வேலூரிலிருந்து சான்று இருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தன் அருகிலுள்ள கணியம்பாடி ஒன்றியத்தில் பிறப்பையும் இறப்பையும் பல ஆண்டுகளாகப் பதிந்துவருகிறது. ஏறத்தாழ 1,08,000 பேர் வாழும் பகுதி அது. 1992 முதல் 2001 வரை அங்கே இறந்த 10 முதல் 19 வயதினரைப் பற்றிய ஆய்வு 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பெண்பிள்ளைகள், 58 ஆண்பிள்ளைகள் என்ற விகிதத்தில் தற்கொலைகள் நடந்திருந்தன. அந்த வயதுப் பெண்களின் சாவுகளில் பாதிக்கும் மேல் தற்கொலை. அதே ஒன்றியத்தில், எல்லா வயதிலும் தற்கொலை செய்துகொண்ட 100 பேரின் குடும்பங்களிடம் பேசி, உயிரோடிருக்கும் 100 பேருடன் ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வந்தது. ஆபத்தைக் கூட்டியவை என்று அது கண்டவற்றில் ஓயாத நெருக்கடியும் நாள்பட்ட வலியும் சேர்ந்தே இருந்தன. மாவட்டப் பக்கத்துச் செய்தியில் வரும் வலியும், வாசகர் ஊகிக்கும் நெருக்கடியும் ஒரே ஆளிடம் ஒன்றாகக் குடியிருக்கக்கூடும்.

ஓர் ஊரை வைத்துப் பார்ப்போம். பொன்னமராவதி, புதுக்கோட்டை மாவட்டத்தில் சிவகங்கை எல்லையை ஒட்டியிருக்கும் தாலுகா ஊர். இந்தப் பக்கத்தில் ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு விட்டுவிட்டு வயிறு வலித்தால் என்ன நடக்கும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். முதல் வைத்தியர் அப்பத்தா. வாய்வு என்றால் ஓமமும் பெருங்காயமும், சூடு என்றால் ஊறவைத்த வெந்தயம். போன வாரம் கல்யாண வீட்டுக்குப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு போனாளே என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் தொக்கம் எடுப்பவர், பிறகு மெடிக்கல் கடை மாத்திரை, அரசு ஆஸ்பத்திரி, தனியார் கிளினிக்கில் ஒரு ஊசி. ஸ்கேன் எடுக்கப் புதுக்கோட்டையோ காரைக்குடியோ போவார்கள். அதிலும் தெரியாவிட்டால் திருச்சி அல்லது மதுரை. இடையே கொன்னையூர் முத்துமாரியம்மனுக்குப் பங்குனித் திருவிழாவில் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருப்பார். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் அப்பாவிடமிருந்து தினமும் போன் வரும்.

இவ்வளவு அலைச்சலும் அன்பினால்தான். நகையை அடகு வைத்துக்கூட ஸ்கேன் எடுக்கிறார்கள். அந்த அன்பு முட்டி நிற்கும் இடம், டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ‘எல்லாம் நார்மல், ஒண்ணுமில்லை’ என்று சொல்லும் இடம். நல்ல சேதிதானே என்று தோன்றும். அந்தப் பெண்ணுக்கோ, அன்றைக்குத்தான் வீட்டில் அவள் சொல்லுக்கு இருந்த மதிப்பு சரியத் தொடங்குகிறது. ஒன்றுமில்லை என்றால் இத்தனை நாள் ஏன் அழுதாள்? ‘பள்ளிக்கூடம் போகச் சோம்பல்’ என்பார் சித்தப்பா. ‘நடிக்கிறா’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். நடிக்கவில்லை என்று காட்ட அவளிடம் இருப்பது வலி ஒன்றுதான். அது கூடினால்தான் அவள் சொல் செல்லும். வலி கூடவும் செய்கிறது.

காரணம் தெரியாத வலி என்று முடிவுகட்டுவதற்கு முன் சிலவற்றைத் தேடியே ஆக வேண்டும். எடை இறங்குவது, மாலையில் காய்ச்சல் அடிப்பது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, மலத்தில் ரத்தம், மூட்டு வீக்கம், வளர்ச்சி நின்றுபோவது ஆகியவை இருந்தால் உடலிலேயே நோய் இருக்க வாய்ப்புண்டு. நம் ஊரில் குடல் காசநோய் இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கிறுகிறுப்பையும் அசதியையும் மனசு என்று தள்ளிவிடும் முன் ஹீமோகுளோபின் பார்த்தாக வேண்டும். மாதவிடாய் வலியை ‘பொம்பளைன்னா அப்படித்தான்’ என்று ஒதுக்குவதும் சரியில்லை. கருப்பை உட்சுவர் திசு வெளியே வளரும் நோய் பதின்வயதிலேயே தொடங்கலாம். பிரிட்டனின் பிரிஸ்டல் நகரக் குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லி ஒரு எளிய கைக்கணக்கு சொன்னார்: வலிக்கும் இடம் தொப்புளிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, உறுப்பில் கோளாறு இருக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். அவரும் நேஷும் 1958இல் 1,000 பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் பத்தில் ஒருவருக்கு மேல் இப்படி விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி இருந்தது. பொன்னமராவதியில் மட்டும் நடக்கும் விஷயமில்லை இது.

உறுப்பில் புண் இல்லாமல் வலி எப்படி வரும்? இதை வீட்டாருக்கு விளக்க மயக்கக் கேஸைவிட நல்ல பாடம் கிடையாது. தேர்வு நெருங்கும் நாளில் ஒரு மாணவி வகுப்பில் சரிந்து விழுகிறாள். மூச்சு இரைக்கிறது, கைவிரல்கள் உள்பக்கமாக மடங்கி விறைத்துக்கொள்கின்றன. சுற்றியிருப்பவர்கள் வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள். நடந்தது இதுதான்: பதற்றத்தில் மூச்சு வேகமானது. தேவைக்கு மேல் மூச்சு விட்டதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்தது. ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்ந்தது. அதனால் ரத்தத்தில் கட்டற்று உலவும் கால்சியத்தின் அளவு இறங்க, நரம்புகள் தூண்டப்பட்டு உதடும் விரலும் மரத்தன, கைத்தசை இழுத்துக்கொண்டது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கவே தலை சுற்றியது. மூச்சு சீரானதும் விரல்கள் தாமாக விரியும், சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். இதில் நடிப்பு எங்கே இருக்கிறது? பதற்றத்தில் மூச்சு வேகமாவதும் கால்சியம் இறங்குவதும் அவள் திட்டமிட்டுச் செய்பவை அல்ல.

வயிற்றிலும் இதற்கு நிகரான ஒன்று நடக்கிறது. குடல் சுவருக்குள் அடர்ந்த நரம்புப் பின்னல் இருக்கிறது. அச்சம், தூக்கமின்மை, முன்பு வந்த வயிற்றுப்போக்கு போன்றவை அதன் கூர்மையைக் கூட்டிவிடும். ஒருவருக்குத் தெரியாமலே நகர்ந்து போகும் வாயு, இன்னொருவருக்குச் சுருட்டிப் பிடிக்கும். வயிறு வலிப்பதுபோலவே, உறுப்பில் கோளாறில்லாமல் கால் செயலிழந்துபோவதும் உண்டு; அதைக் கண்டறிய ஒரு சோதனை இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூவர் 1908இல் எழுதியது அது: நோயாளியைப் படுக்கவைத்து நல்ல காலைத் தூக்கச் சொன்னால், அசையாத காலின் குதிகால் தானாகப் படுக்கையை அழுத்தும். அப்படி அழுத்துவதை அந்தப் பிள்ளைக்கே காட்டி, ‘பாரு, நரம்பு அறுந்து போகலை, வழி மட்டும் தடுமாறியிருக்கு’ என்று சொல்வது இன்று சிகிச்சையின் முதல் படியாகவே கருதப்படுகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் தன் நோய்ப் பகுப்பைத் திருத்தியபோது, உடல் அறிகுறி நோயைக் கண்டறிய ‘மருத்துவக் காரணம் தெரியவில்லை’ என்பதை நிபந்தனையாக வைக்கவில்லை. இல்லாததைக் கொண்டு ஒரு நோயைச் சொல்வது நோயாளியைச் சந்தேகிப்பதாகவே முடிகிறது என்பதை மருத்துவ உலகம் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது.

இப்போது பண்பாட்டுக்கு வருவோம். ‘கீழைநாட்டவருக்கு மனத்துயரைப் பேசத் தெரியாது, உடம்பாகத்தான் சொல்வார்கள்’ என்று மனநல நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. நம்மிலும் படித்தவர்கள் இதைத் திருப்பிச் சொல்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் 15 மையங்களில் நடத்திய ஆய்வை இந்த இடத்தில் கவனமாகப் படிக்க வேண்டும். பெங்களூரும் அதில் ஒரு மையம். மனச்சோர்வு நோய் இருந்த 1,146 பேரில் 69 சதவீதத்தினர் டாக்டரிடம் வந்தது உடல் தொல்லையை மட்டும் சொல்லித்தான் என்று 1999இல் வந்த அறிக்கை சொன்னது. ஆனால் ‘மனசு எப்படி இருக்கிறது’ என்று நேராகக் கேட்டபோதும் மறுத்தவர்கள் 11 சதவீதமே. கேட்டால் பத்தில் ஒன்பது பேர் சொல்லிவிடுகிறார்கள். இன்னொன்றையும் அந்த ஆய்வு கண்டது. தொடர்ந்து பார்க்கும் தமக்கென ஒரு மருத்துவர் இல்லாத இடங்களில்தான் உடல் தொல்லையாக முறையிடுவது கூடுதலாக இருந்தது. எந்த நாடு, எந்தப் பண்பாடு என்பதைவிட, பேச நேரமுள்ள, முகம் தெரிந்த ஒருவர் எதிரே இருக்கிறாரா என்பது பெரிதாக இருந்திருக்கிறது. புறநோயாளிப் பிரிவில் சீட்டுப் போட்டு, வரிசையில் நின்று, ஒவ்வொரு முறையும் வேறொரு டாக்டர் முன்னால் உட்காரும் பெண் வயிற்றைத் தவிர வேறு எதைச் சொல்வாள்?

யாழ்ப்பாணத்தின் அனுபவமும் இதையே கோடிகாட்டுகிறது. போர்க்காலத்தில் அங்கே பணியாற்றிய மனநல மருத்துவர்கள் தயா சோமசுந்தரமும் சா. சிவயோகனும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பேட்டி கண்ட பொதுமக்கள் 98 பேரில் 41 சதவீதத்தினரிடம் துயரம் உடல் தொல்லையாக வெளிப்பட்டிருந்தது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயைவிட இதுவே கூடுதல். நடந்ததை வாய்விட்டுச் சொன்னால் ஆபத்து என்ற நிலையில் நெஞ்சடைப்பையும் உடல்வலியையும் சொல்வதில் ஆபத்தில்லை.

பொன்னமராவதியில் போர் இல்லை. ஆனால் வீட்டுக்குள் யார் எதைச் சொல்லலாம் என்ற ஒழுங்கு இருக்கிறது. பதினேழு வயதுப் பெண்ணுக்கு முறை மாப்பிள்ளை பேசிவைத்திருந்தால் ‘எனக்கு வேண்டாம்’ என்று அவள் சொல்வது எதிர்த்துப் பேசுவதாகிவிடும். வயிறு வலிக்கிறது என்று சொன்னால் அது எதிர்ப்பாகாது. பெண் பார்க்க வரும் நாள் தள்ளிப்போகும், அம்மா பக்கத்தில் வந்து படுப்பார். மனசு சரியில்லை என்று லீவு லெட்டர் எழுதும் வழக்கம் நம் பள்ளிகளில் கிடையாது. வயிற்றுவலி, தலைவலி, காய்ச்சல் மூன்றுக்கும் இடமுண்டு. குடும்பத்தின் பாசமும் உடம்பைத் தொட்டே ஓடுகிறது. ‘சாப்பிட்டியா’, ‘முகம் ஏன் வாடியிருக்கு’, ‘இளைச்சுப் போயிட்ட’ என்று கேட்கிற வீடு, பிள்ளை ஒரு வாரமாகப் பேசவில்லை என்பதை அதே அளவுக்குக் கவனிப்பதில்லை. பிள்ளை இதையெல்லாம் திட்டமிட்டுச் செய்வதில்லை. எந்த முறையீடு ஏற்கப்படும் என்பதைச் சிறுவயதிலிருந்தே உடம்பு கற்றுவைத்திருக்கிறது.

குடும்பச் சிகிச்சை நிபுணர் சால்வடார் மினுச்சின் 1970களில் பிலடெல்பியாவில், மனத்துயர் உடல்நோயாக வெளிப்படும் பிள்ளைகளின் குடும்பங்களுக்குரிய கூறுகளாகச் சிலவற்றைச் சொன்னார். ஒருவரில் ஒருவர் அளவுக்கு மீறிப் பின்னிக்கிடப்பது, மிகைக் காப்பு, நெகிழாமை, பூசலை வெளியே விடாமல் அடக்குவது. புகழ்பெற்ற கொள்கை. ஆனால் அதை அப்படியே இங்கே பொருத்தினால் புதுக்கோட்டை மாவட்டத்தில் பாதி வீடுகள் நோயாளி வீடுகளாகிவிடும், பழி தாயின் தலையில் விழும். நெருக்கம் நோயாகாது. நெருக்கத்துக்குள் மறுக்கும் உரிமை இருக்கிறதா என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

குடும்பம் வலியை எப்படிக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்பதை மிக நுட்பமாகக் காட்டியவர் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்து லின் வாக்கர். அவர் குழு 2006இல் வெளியிட்ட சோதனையில் பிள்ளைகளை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். வயிற்றுவலிக்காரப் பிள்ளைகளும் இருந்தார்கள், வலி இல்லாத பிள்ளைகளும் இருந்தார்கள். வயிறு உப்பி அசௌகரியம் வந்ததும் பெற்றோரை உள்ளே அனுப்பினார்கள். ஒரு பிரிவினர் ‘ரொம்ப வலிக்குதா, எங்கே வலிக்குது’ என்று கேட்டு ஆறுதல் சொன்னார்கள். இன்னொரு பிரிவினர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் சொல்லித்தரவில்லை. வலியைக் கேட்டுக் கேட்டுக் கவனித்தபோது பிள்ளைகளின் முறையீடு ஏறத்தாழ இரட்டிப்பானது. பேச்சை மாற்றியபோது பாதியாகக் குறைந்தது. வலிக்காரப் பிள்ளைகளே பேச்சை மாற்றியதுதான் இதமாக இருந்தது என்றார்கள். அவர்களுடைய பெற்றோருக்கோ, அப்படிச் செய்வது பிள்ளைக்குக் கெடுதலாகிவிடுமோ என்ற கவலை. பள்ளிவிட்டு வந்ததும் ‘இன்னைக்கு வலி எப்படிம்மா’ என்று முதலில் கேட்கும் ஒவ்வொரு தாய்க்கும் இந்தச் சோதனையைச் சொல்ல விரும்புகிறேன். கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. வேறு எதையாவது முதலில் கேட்கலாம்.

ஆண்பிள்ளைகள் கணக்கில் வராமல் போகிறார்கள். அவர்களுடைய வலிக்கு வேறு பெயர்: நரம்புத் தளர்ச்சி. முதுகுவலி, கைநடுக்கம், அசதி, படிப்பில் கவனமின்மை எல்லாவற்றுக்கும் விந்து போனதுதான் காரணம் என்று பதினாறு வயதுப் பையன் நம்புகிறான். ‘வாலிப வயோதிக அன்பர்களே’ என்று அழைத்து லாட்ஜ்களில் முகாம் போட்ட வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக அவனுக்குச் சொன்னது அதுதான். இப்போது அதே சரக்கு செல்போன் வீடியோவில் வருகிறது. இந்த அச்சத்தை 1960இல் தாது நோய் என்ற பொருளில் ‘தாத்’ என்று பெயரிட்டு மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் இந்திய மனநல மருத்துவர் என்.என். விக். அற்புத மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954இலேயே சட்டம் வந்துவிட்டது. அது அமலாகும் லட்சணத்தை எந்தப் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரும் சொல்லும். இந்தப் பையனுக்கு வேண்டியது பத்து நிமிட உடற்கூறுப் பாடம். அதைச் சொல்ல வேண்டிய அப்பா வெளிநாட்டில் இருக்கிறார், இங்கேயே இருந்தாலும் சொல்வதில்லை.

கோயிலும் கோடாங்கியும்? பகுத்தறிவு பேசி ஒரே வரியில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘பயந்திருக்கா, காத்துக் கருப்பு அண்டியிருக்கு’ என்று சொல்லி விபூதி போடும்போது மருத்துவமனை செய்யத் தவறிய ஒன்று நடக்கிறது. பிள்ளை நடிக்கவில்லை என்று எல்லார் முன்னிலும் ஒப்புக்கொள்கிறார்கள். குற்றம் வெளியிலிருந்து வந்த ஒன்றின் மேல் போகிறது, குடும்பம் முழுக்க அவளைச் சுற்றி உட்காருகிறது. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய கடும் மனநோயாளிகள் 31 பேரை நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் குழுவினரும் ஆராய்ந்து 2002இல் எழுதியபோது, மருந்தில்லாமலே அறிகுறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததைக் கண்டார்கள். மிரட்டல் இல்லாத, ஆதரவான சூழல்தான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். இரண்டும் நம் மண்ணில் நடந்தவை. பேயோட்டுதலைப் பற்றித் தமிழகக் கிராமங்களில் ஆய்வு செய்த இசபெல் நபகோவ், அந்தச் சடங்கு பெண்ணின் மனக்குறையை அவளிடமிருந்து பிரித்தெடுத்து அவளை மீண்டும் மனைவியின் இடத்தில் உட்காரவைக்கிறது என்று 2000இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். பதின்வயதுப் பெண்ணைப் பொறுத்தவரை இதுதான் என் கவலை. வேப்பிலையால் அடிப்பது கொடுமை. அடிக்காமல் அன்பாக ஓட்டினாலும், பேய் போனபின் அவள் அதே மாப்பிள்ளையைக் கட்ட வேண்டுமென்றால், அவள் சொல்லவந்தது கேட்கப்படவே இல்லை.

சில வலிகளுக்குப் பின்னால் பாலியல் அத்துமீறல் இருக்கிறது. செய்தவர் உறவினராகவோ அண்டை வீட்டாராகவோ இருக்கலாம். அம்மாவும் அத்தையும் இரண்டு பக்கமும் நிற்க, டாக்டர் கேட்கும் கேள்விகளுக்கு அம்மா பதில் சொல்ல, நோயாளிப் பெண் தலையைக் குனிந்திருக்கும் பரிசோதனையில் இது ஒருநாளும் வெளிவராது. பெண் செவிலியர் உடனிருக்க, பத்து நிமிடம் பிள்ளையைத் தனியே பார்ப்பது எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் முடியக்கூடியது. சொல்லிவிட்டால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் தந்தாக வேண்டும் என்பதும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு, ‘ஒண்ணுமில்லை’ என்ற சொல்லை விட்டுவிட வேண்டும். ‘உனக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியும்மா. குடல்ல புண் இல்ல, கட்டி இல்ல. ஆனா குடல் நரம்பு இப்ப ரொம்ப உஷாரா இருக்கு, சின்ன அசைவையும் வலியாக் காட்டுது. இது குறையும். வலியோடவே பள்ளிக்கூடம் போகலாம், போனாத்தான் குறையும்.’ இதை அப்பத்தாவையும் உள்ளே அழைத்து உட்காரவைத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் நோய்க்குப் பெயர் வைப்பது அவர்தான். அமெரிக்க ஆய்வாளர் ரோனா லெவியின் குழுவினர் 2010இல் 200 வயிற்றுவலிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கொண்டு செய்த ஆய்வில், வலியைச் சுற்றிப் பதறாமல் இருக்கவும் வலியைச் சமாளிக்கவும் மூன்றே அமர்வுகளில் கற்றுத்தந்தது பலன் தந்தது. மூன்று அமர்வு என்பது மதுரைக்கு ஒருமுறை ஸ்கேனுக்குப் போய்வரும் செலவைவிடக் குறைவு. புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இன்னும் ஒன்று, செலவே இல்லாதது. அமெரிக்காவின் ஆர்கன்சாஸில் ரிச்சர்ட் ஸ்மித் குழுவினர் 1986இல், காரணம் புலப்படாத பல உடல் தொல்லைகளோடு அலைந்த பெரியவர்களின் குடும்ப மருத்துவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். நோயாளியை ஒழுங்கான இடைவெளியில் நீங்களே பாருங்கள், தேவையில்லாத பரிசோதனைகளைத் தவிருங்கள் என்பதுதான் சாரம். மருத்துவச் செலவு பாதிக்கு மேல் குறைந்தது, உடல்நிலை கெடவில்லை. பதின்வயதினருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். வலி வந்தால்தான் டாக்டரைப் பார்க்கலாம், வலி வந்தால்தான் அப்பா போனில் நெடுநேரம் பேசுவார் என்ற நிலை இருக்கும்வரை உடம்பு வலியை விடாது. பொன்னமராவதி ஆஸ்பத்திரியின் சீட்டில் ‘வலி இருந்தால் வரவும்’ என்பதற்குப் பதிலாக, அடுத்த மாதம் முதல் செவ்வாய், இதே டாக்டர், வலி இல்லாவிட்டாலும் வரவும் என்று எழுதித் தரலாம்.